திறக்காத காஜா

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு போர்வையை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்துவந்து மகள் தன் முனைகளை அம்மா கையில் கொடுக்க வேண்டும். அன்று முனைகளை வாங்கிக்கொண்ட அம்மா நகராமல் நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போறேன். நீயும் வா.”

“சண்டை போடவா?”

“ஒரே ஒரு கேள்வி கேக்கணும். போன்ல கேட்டா மூஞ்சி தெரியாது. நீ வாயைத் திறக்காம நின்னாப் போதும்.”

“வாயைத் திறக்காம நிக்க நான் எதுக்கு?”

“அவ அழுதா எனக்கு மனசு இளகிடும். நீ கல்லுளிமங்கி. பக்கத்துல இருந்தா நான் தாங்குவேன்.”

மகள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். அளக்காமல் எதையும் தொடமாட்டாள். அம்மாவோ அளவு நாடாவைக் கடையிலேயே மாட்டிவிட்டு வருகிறவள். ஒரு துணிக்கடையில் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின், ஸ்டூல், ஒரு விளக்கு. அதுதான் அவள் இடம். பேன்ட்டின் காலைக் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். வெட்டி விழும் துண்டுகளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவை அவளோடு வீட்டுக்கு வரும். கடையில் அவளுக்கு ‘மிச்சம் அக்கா’ என்று பேர்.

அப்பா இறந்த வருடம் அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பினாள். திட்டம் ஒன்றும் கிடையாது. ஒன்றை வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், கால் விரலால் நகர்த்துவாள். பேன்ட் முனைகள், பழைய ஜன்னல் திரை, மகளின் பள்ளிப் பாவாடை. நட்டநடுவில், பஸ் ஓட்டும்போது அப்பா போட்ட சட்டையின் முன்பட்டி, அதன் காஜாவோடு. பட்டன் நுழையும் ஓட்டைக்குத் தையல்காரர்கள் சொல்லும் பேர் அது.

“ஓட்டையோட வச்சிட்டியேம்மா. குளிர் உள்ள வராதா?”

“வந்துட்டுப் போகுது. உங்கப்பா எந்தக் காலத்துல கடைசி பட்டனைப் போட்டாரு?”

தைத்து முடித்த பிறகுதான் ஒரு கோடு போட்ட துண்டு உள்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். “பிரிச்சா சுத்தி இருக்கறதெல்லாம் கூடவே வரும். இருக்கட்டும் விடு” என்றாள். படுத்தால் அந்தக் காஜாவுக்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அம்மா இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். படுக்கை விரிப்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் தேர்ந்தெடுக்கிற வேலையில் இருந்தாள். ஒருநாள் வந்து, “அக்கா, வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. அந்தப் போர்வையைக் கொஞ்ச நாளைக்குக் குடேன், கட்டில் மேல போட்டா அழகா இருக்கும்” என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போர்வை திரும்பி வந்தபோது இஸ்திரி போட்டிருந்தது.

“பாருடி. தன் துணியையே தலைகாணிக்கு அடியில வச்சு மடிப்பு எடுக்கறவ, என் போர்வைக்கு இஸ்திரி போட்டிருக்கா!”

கடையில் எல்லாரிடமும் இதைச் சொன்னாள். மாதங்கள் சில ஓடின.

பிறகு ஒரு பெண் புது விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். குழந்தையின் கட்டிலுக்குப் பெரிதாக இருக்கிறது, குறைத்துத் தர வேண்டும். அம்மா அதை மேஜைமேல் விரித்தாள். பேன்ட் முனைகள். ஜன்னல் திரை. பள்ளிப் பாவாடை. தன் போர்வையை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தடவிப் பார்த்தாள். தையலே இல்லை, வழவழவென்று ஒரே துணி. போர்வையின் நடுப்பகுதியே திரும்பத் திரும்ப வந்தது; அப்பாவின் சட்டை நான்கு இடங்களில் இருந்தது. சுண்டுவிரலைக் காஜாமேல் வைத்து அழுத்தினாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். வெறும் அச்சு. ஓரத்தில் சித்தியின் கம்பெனி முத்திரை.

“நல்லா இருக்குல்ல? எல்லாக் கடையிலயும் இப்ப இதான்” என்றாள் அந்தப் பெண்.

“நல்லா இருக்குங்க” என்றாள் அம்மா. சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். வெட்டிய பட்டை வழக்கம்போல அவளோடு வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு காஜா இருந்தது.

மகள் பட்டையைப் போர்வைமேல் வைத்து, லிஃப்ட் கம்பியின் தடிமன் பார்க்கிற காலிப்பரால் அளந்தாள்.

“பத்துக்கு ஒன்பதாச் சுருக்கியிருக்காங்கம்மா. தையலோட நிழலைக்கூட விடலை.”

“திருப்பி வச்ச துண்டையாவது சரி பண்ணியிருக்கலாம்” என்றாள் அம்மா. பட்டையைச் சுருட்டியபடி, “கேட்டிருந்தா சந்தோஷமாக் குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல? அதை மட்டும் அவ வாயால சொல்லட்டும்” என்றாள். அதன் பிறகுதான் இருவரும் போர்வையை மடித்தார்கள். அம்மா அதை ஒரு பையில் வைத்து, மேலே பட்டையை வைத்து, கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினாள்.

சனிக்கிழமை, ஒரு பேன்ட்டின் இடது காலை முடித்து வலது காலைத் திருப்பும்போது மெஷின்மேல் சாய்ந்தாள். எழவில்லை.

ஞாயிறன்று சித்தி வந்தாள். அழுதாள். நிஜமான அழுகைதான். மகளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அந்தப் போர்வை எங்கடி? அக்கா ஞாபகமா நான் வச்சுக்கறேன்.”

“அம்மா இன்னிக்கு அதை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வர்றதா இருந்தாங்க சித்தி.”

அழுத முகம் அப்படியே மலர்ந்தது. “எனக்குக் குடுக்கவா?”

மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். பை கொக்கியிலேயே இருந்தது.