ஒரே நிறத்தில் தேன் கேட்டவர்கள்

கவிழ்த்த பாட்டில்

அந்த அம்மா பாட்டிலைத் திறந்து என் கல்லாவுக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்தார். நான் பதறிக் கையை நீட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே தேன் வெளுத்து, ரவை ரவையாக, இறுகி நின்றது. "பாத்துக்கங்க" என்றார். தேன் விற்கிற கடையில் ஒரு வசதி உண்டு: வாங்க வருகிறவர்களைவிடக் குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்கள் அதிகம் என்பதால் கடை எப்போதும் கூட்டமாகவே தெரியும்.

அது மார்கழி. ஓசூரில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு நிற்கும் காலம். அந்தக் குளிரில் நல்ல தேன் உறைந்துபோகும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். அடுத்த தெருவில் தேன் என்று விற்ற வெல்லப்பாகு எந்தக் குளிருக்கும் உறையாது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தவர் அவர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தேங்கா எண்ணெய் உறையும், ஒத்துக்கறேன். தேனுக்கு என்ன பாய் குளுரு?"

மாடும் பூச்சியும்

எங்கள் கடை வாப்பா காலத்தில் மளிகையும் நாட்டு மருந்தும் விற்ற கடை. எழுபதுகளின் கடைசியில் சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பின. எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளை பெற்ற வீடுகளில் தேன் கேட்டார்கள். அப்போதுதான் சீனப்பா வந்தார். தளி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், என்னிடம் தமிழ். அவர் ஊரில் பலருக்கும் ஏதோ திட்டத்தில் தேனீப் பெட்டி கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அதில் கோழியை அடைத்தார்கள். இவர் ஒருவர்தான் தேனீயை வைத்துக்கொண்டார்.

பால் கேனில் கொண்டுவந்த தேனை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். புங்கம்பூ வாசம். "நீங்க எடுத்துக்கிட்டு வாங்க, விக்கிறது என் பொறுப்பு" என்றேன். நானாகச் சொன்ன வார்த்தை. அவர் அதை நம்பி உழவு மாட்டை விற்று, தச்சரிடம் சொல்லி மேலும் பெட்டிகள் செய்துகொண்டார். அடுத்த முறை நான் அவர் ஊருக்குப் போனபோது அவர் மனைவி முனியம்மா டீயைக் கொடுத்துவிட்டு என் எதிரிலேயே நின்றார்.

"மாடு இருந்தா சாணியாச்சும் போடும். இது என்ன பாய் போடும்?"

நாய்

சோதனை முறைகளைப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. தீக்குச்சியைத் தேனில் நனைத்து உரசுவார்கள். பேப்பரில் ஒரு சொட்டு விட்டு ஊறுகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர்த் தம்ளரில் விட்டுக் குனிந்து பார்ப்பார்கள். எந்தச் சோதனையிலும் என் தேன் ஒருநாள் தேறும், ஒருநாள் தோற்கும். வெல்லப்பாகும் அப்படித்தான். கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சோதனை செய்யும்போது நாம் வாயைத் திறந்தால் அதுவே திருட்டுக்குச் சாட்சி.

ஒரு ஃபோர்மேன் தன் நாயையே கூட்டிவந்தார். சுத்தமான தேனை நாய் நக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கடைப் படியில் ஒரு சொட்டு விட்டேன். நாய் முகர்ந்தது, நக்கியது, படியையும் நக்கியது, பிறகு என் விரலைப் பார்த்தது. அதற்குப் பசி என்றேன். ஃபோர்மேன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்.

"மனுஷன் பொய் சொல்லுவான் பாய். டைகர் சொல்லாது."

நல்ல வருஷம்

ஒரு வருஷம் மழை சரியான நேரத்தில் பெய்தது. கொள்ளு, புங்கை, புளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. சீனப்பாவின் பெட்டிகளில் தேன் சேரும் மேலடுக்கு நிரம்பி வழிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் மழை அவருக்கு மட்டும் பெய்யவில்லை. அஞ்செட்டி மலையிலிருந்து காட்டுத் தேன் டின் டின்னாக பஸ் ஏறி வந்தது. பெங்களூர் வியாபாரிகள் விலையைப் பாதியாக இறக்கினார்கள். கடையில் இடம் இல்லாமல் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் தேன் கேன்களை வைத்தேன். சொன்ன வார்த்தைக்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஊர் விலைக்குத்தான் என்னால் வாங்க முடிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் மழை இல்லை. விலை ஏறியது. விற்பதற்குச் சரக்கு இல்லை. காலி கேனோடு பஸ் ஏறி வந்து சீனப்பா என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மழை பேஞ்சா நமக்கு நஷ்டம், பேயலேன்னா பூச்சிக்கு நஷ்டம். இதுல லாபம் யாருக்குன்னு அந்த ஆளை ஒருதரம் காட்டு பாய்."

மாம்பழ வாசம்

புளிப் பூவுக்காகப் பெட்டிகளைக் கிருஷ்ணகிரிப் பக்கம் தன் மச்சானின் தோப்புக்கு மாற்றினார் சீனப்பா. சில நாளிலேயே ஆள் அனுப்பினார்: பெட்டி நிரம்பிவிட்டது, உடனே வரவும். போனேன். தேனடைச் சட்டங்கள் கனத்தன. ஆனால் உள்ளே இருந்தது செம்மஞ்சளாக, நீர்த்து, மாம்பழ வாசம் அடித்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. பின்வாசலில் கொட்டையும் தோலும் மலையாகக் கிடந்தன. பூவைத் தேடிப் போக வேண்டிய ஈக்கள் எல்லாம் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தன.

அது தேன் ஆகாது. இரண்டு நாளில் புளித்து மூடியைத் தூக்கிவிட்டது. விற்க முடியாது என்று வைத்திருந்ததில் ஒரு தம்ளரைப் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் ருசி பார்த்தார். எத்தனையோ வருஷம் என் தேனைச் சந்தேகப்பட்டவர். கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல இன்னிக்கித்தான் பாய் ஒரிஜினல் குடுத்திருக்கீங்க."

ஒரே நிறம்

உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாட்டில் தேன். அதுவரை நான் பார்க்காத அளவு. சீனப்பாவிடம் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். இது தேறினால் ஒவ்வொரு வருஷமும் வரும், விலை இறங்குகிறதே என்று பார்க்க வேண்டியதில்லை, முனியம்மாவுக்கும் பதில் சொல்லிவிடலாம். மேலும் பெட்டிகளுக்குத் தச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

பாட்டில்களைக் கம்பெனி ஸ்டோரில் மேஜைமேல் வரிசையாக வைத்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று செம்பு, ஒன்று டிகாஷன் நிறம். புங்கை வேறு, புளி வேறு, கொள்ளு வேறு. எனக்கு அழகாகத்தான் இருந்தது. பர்ச்சேஸ் அதிகாரி முதல் பாட்டிலையும் கடைசிப் பாட்டிலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு பூ என்று சீனப்பா சொன்னதை முழுவதும் கேட்டார். ஒருவனுக்கு மஞ்சள், ஒருவனுக்குக் கறுப்பு என்று கொடுத்தால் யூனியன் கேட்கும் என்றார். லாட் ரிஜெக்ட். அந்த வருஷம் எல்லோருக்கும் எவர்சில்வர் டிபன் கேரியர் போயிற்று.

"நூறு போல்ட்டு வாங்கினா நூறும் ஒண்ணாத்தானே இருக்கு? உங்க பூச்சிக்கு அதைச் சொல்லிக்குடுங்க."

பெட்டிக்குள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நோய் வந்தது. கேரளாவில் என்றார்கள், பிறகு குடகில் என்றார்கள், பிறகு தளி ரோட்டில். நான் போனபோது சீனப்பா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்திருந்தன. ஒன்றைக் கருவேல முள்ளால் மெல்லத் தூக்கினார். தண்ணீர் நிறைந்த சின்னப் பை போலத் தொங்கியது. ஈக்கள் கொஞ்சம்தான் இருந்தன. அவையும் சத்தமில்லாமல் சட்டத்தின் மேல் நடந்துகொண்டிருந்தன. மருந்து இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தோம். கம்பெனி ஆர்டருக்காகச் செய்து, தேனீயைக் குடி வைக்காமலே கிடந்த புதிய பெட்டிகள் மட்டும் சுத்தமாக இருந்தன. அவற்றில் மர வாசம் இன்னும் போகவில்லை. முனியம்மா மாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீனப்பா மூடியை வைத்து அதன்மேல் கல்லையும் வைத்தார்.

"நான்தான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா பாய்?"

இல்லை என்றால்

இரண்டு வருஷம் நல்ல தேனுக்குப் பஞ்சம். விலை ஏறியது, மறுபடி ஏறியது. சும்மா கிடைத்தபோது சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் பணத்தோடு வந்தார்கள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையைச் சாத்தும்போதுகூட ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெருவில் இருக்கிறதே என்றேன். அது வேண்டாம் என்றார். காலி அலமாரியைத் திறந்து காட்டினேன். அவர் அலமாரியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லேன்னு சொல்றீங்க பாத்தீங்களா, அதுலயே தெரியுது, நல்ல சரக்கு உள்ள இருக்குன்னு."

நாடும் நாங்களும்

கிருஷ்ணகிரியில் தேனீ வளர்ப்போருக்கு ஒரு கூட்டம் நடந்தது. வெளியூர் அதிகாரி ஒருவர் பேசினார். நானும் சீனப்பாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கரும்பலகையில் கீழிருந்து மேலாக ஒரு கோடு போட்டார். அதுதான் நாட்டின் தேன் உற்பத்தி. வடக்கே கடுகு வயல்களில் பெரிய சாதித் தேனீ வைக்கிறார்களாம். ஒரு பெட்டியில் எடுக்கும் தேன் நாம் பல பெட்டியில் எடுப்பதைவிட அதிகமாம். லாரி லாரியாக வருகிறது, இனி விலை இறங்கும், மக்களுக்கு நல்லது என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. லாரிகளை நானே பார்த்தேன்.

சீனப்பா எழுந்து, தன் பெட்டிகள் எல்லாம் காலி என்றார். அந்தக் கோட்டில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கனிவாகச் சொன்னார்:

"உங்களுக்கு நஷ்டம்தான், வருத்தமா இருக்கு. ஆனா நாட்டுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கு."

சீல் வைத்த பாட்டில்

இப்போது என் கடையில் சீல் வைத்த பாட்டிலில் கம்பெனித் தேன் வருகிறது. எல்லாம் ஒரே நிறம். யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை, தீக்குச்சி கேட்பதில்லை. கையைக் காட்டுகிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன். பெருநாளைக்கு நான் வீட்டுக்கு எடுத்துப்போவதும் அதைத்தான்.

சீனப்பா ரோஜா வளர்க்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டுக்குப் போகிற பூ. பிளாஸ்டிக் கூரைக்குள் வளர்க்கிறார்கள். சுற்றிலும் வலை. வலையில் எங்கேயாவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து அடைப்பது அவர் வேலை. ஒருநாள் காக்கிச் சட்டையோடு கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், டீ சொன்னேன். வேலை எப்படி என்று கேட்டேன்.

"உள்ள ஒரு ஈ பூந்துச்சுன்னா எனக்குத்தான் பாய் திட்டு."

டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். முனியம்மாவுக்கு நெஞ்சுச் சளி, வைத்தியர் சூரணம் கொடுத்திருக்கிறார், குழைத்துச் சாப்பிடத் தேன் வேண்டும். நான் எழுந்து அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியென்றால் தேனும் வேண்டாம் என்றார். விலையைச் சொன்னேன், வாங்கிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஓசூரில் சுத்தமான தேனைத் தேடாதவர் யாருமில்லை, கிடைத்தபோது அது தேன் மாதிரி இல்லை என்பதுதான் அவர்கள் குறை.

சீனப்பா பாட்டிலைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வேறொருவர் வந்து பருப்பு கேட்டார், நான் நிறுக்க ஆரம்பித்தேன். போவதற்கு முன் சீனப்பா அலமாரிக்குள் கையை விட்டு, நான் எடுத்த இடம் காலியாகத் தெரியாதபடி பின்வரிசைப் பாட்டில் ஒன்றை முன்னே இழுத்து, லேபிள் வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார்.