லண்டன் ரேடியோவில் அண்ணையின் மரண அறிவித்தல்

அண்ணை லண்டனில் மோசம்போய்விட்டார் என்ற சேதி எனக்கு வந்த வழியே சரியில்லை. என் மகன் வேலை செய்த தொழிற்சாலையில் ஒருவன் இன்னொருவனிடம் கேட்டு, அவன் இவனுக்குச் சொல்லி, இவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சொன்னான். அண்ணையின் மனைவி, அதாவது என் மச்சாள், ஒரு டெலிபோன் எடுக்கவில்லை.

அண்ணை என் பெரியம்மாவின் மகன். கூடப் பிறக்கவில்லை என்பது பேச்சுக்குத்தான், ஒரு வீட்டில் வளர்ந்தோம். ஆனால் அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் சுட்டுக் கொடுத்த பயித்தம்பணியாரத்தைப் பார்த்து, பொய்ப்பல்லுக் கட்டினவர்கள் தொடவேண்டாம் என்று மச்சாள் சபையில் சொன்னாள். அன்றிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை. இப்போது எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். மச்சாள் என்னை அண்ணைக்குச் சகோதரி என்று கணக்கில் வைத்திருக்கிறாளா, இல்லையா? வைத்திருந்தால் எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. தலை முழுகி, மீன் மச்சம் விலக்கி, அழவேண்டும். வைக்காவிட்டால் நான் யாரோ. யாரோ ஒருத்தி அழுதால் சனம் சிரிக்கும்.

இலங்கையில் இதைத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். சோக வாத்தியம் கேட்டதுமே பெண்கள் அகப்பையை வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் பெயர் வந்தால் உறவு. வராவிட்டால் என்னதான் ஓடி ஓடிச் செய்தாலும் அயல்தான்.

டென்மார்க்கில், எங்கள் வைலே வீட்டில் பெரிய பழைய ரேடியோ ஒன்று இருந்தது. முள்ளை ஒரு கரைக்குத் தள்ளினால் லண்டன் பிடிக்கும். பாட்டே போடாத ஸ்டேஷன். விடிந்தால் பொழுதுபட்டால் கதைதான். இவ்வளவு கதைக்கிறவர்கள் செத்தவர்களை விட்டுவிட்டா கதைப்பார்கள்? வெள்ளைக்காரர் அப்படி வாசிப்பதில்லை என்று மருமகள் சொன்னாள். அவள் கொழும்பில் வளர்ந்தவள். அவளிடம் நான் முறை கேட்பதில்லை.

எனக்கு இங்கிலீசில் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். அதற்குமேல் தேவைப்படவில்லை. அண்ணையின் பெயரை எந்த வெள்ளைக்காரன் எப்படிக் கடித்துத் துப்பினாலும் எனக்கு விளங்கும்.

மறுநாள் மகன் வேலைக்குப் போனதும் ரேடியோவுக்கு முன்னால் கதிரையைப் போட்டேன். முதலில் ஆடு மாடு கத்தின. கமக்காரர் கதைத்தார்கள். பிறகு ஒருவர் யாரோ பெரிய மனிதரைப் பிடித்துக் குறுக்குக் கேள்வி கேட்டார். அந்த மனிதர் வழுக்கி வழுக்கிப் போனார். மத்தியானம் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செத்தவீட்டு நாளில் என்ன சிரிப்பு என்று சத்தத்தைக் குறைத்தேன். அதன்பிறகு பெண்கள் கூடிக் கதைத்தார்கள். ஒருத்தி குரலைத் தாழ்த்தி எதையோ சொல்ல, மற்றவள் ‘ம், ம்’ என்றாள். வம்புக்குப் பாஷை தேவையில்லை, நன்றாக விளங்கியது. அது முடிய ஒரு கதவு அடிபட்டது. ஒரு பெண் ஓவென்று அழுதாள். நானும் முந்தானையை எடுத்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, மாமி, அது நாடகம் என்றாள். நாடகமென்றாலும் நல்ல அழுகை. பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் மகன் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். பொரிக்கலாமா என்று மருமகள் கேட்டாள். லண்டன் சொல்லட்டும் என்றேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. சிரிப்பில்லை, அவசரமில்லை. ஒரு பெயரைச் சொல்வார், நிறுத்துவார், இலக்கம் சொல்வார். அடுத்த பெயர். அதே நிதானம், அதே மரியாதை. நான் எழும்பி நின்றேன். மருமகளையும் வந்து நிற்கச் சொன்னேன். இலக்கம் வயதாக்கும் என்று காதைக் கொடுத்தால், எல்லாம் நாலு, ஐந்து, ஆறு. பச்சைப் பிள்ளைகள்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொஞ்சநேரம் கேட்டான்.

“அம்மா, இது கடல் காத்து. எங்கை எவ்வளவு அடிக்குது எண்டு கப்பல்காரருக்குச் சொல்லுகினம். ஒருத்தரும் சாகேல்லை.”

“பின்னையேன் இந்தாள் இப்பிடித் துக்கமாய் வாசிக்குது?”

அவன் சட்டைப்பைக்குள் எதையோ தேடினான்.

ரேடியோவில் குரல் நின்றது. அண்ணையின் பெயர் வரவில்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன். மருமகள் அடுப்படிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். மகன் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்த லண்டன் நம்பரைச் சுற்றினான். நான் அழுவதற்கு எடுக்கவில்லை, நியாயம் கேட்க எடுக்கிறேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் டெலிபோனை வாங்கினேன்.

“அண்ணைக்கு ஏன் அறிவித்தல் குடுக்கேல்லை?” என்றேன். சுகம் விசாரிக்கவில்லை.

“குடுக்கச் சொல்லி மகனிட்டைச் சொன்னனான், மச்சாள்,” என்றாள். “காலமை துவக்கம் ரேடியோவுக்கு முன்னாலைதான் இருக்கிறன். உங்கடை நம்பர் ஒருத்தரிட்டையும் இல்லை. ரேடியோவிலை சொன்னா அங்கையும் கேக்கும் எண்டு நினைச்சன். கடைசியிலை பாத்தா அவன் குடுக்கேல்லை. இஞ்சை அப்பிடி வாசிக்கிறேல்லையாம்.”

நான் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அந்தப் பொம்பிளை அழுத நாடகம் கேட்டனீரோ?”

“ஓம். நானும் சேந்து அழுதனான்.”

சரி, குடுக்க நினைத்ததைச் சொல்லும், கேட்பம் என்றேன். மச்சாள் மனப்பாடமாய்ச் சொன்னாள். தாய் தகப்பன் வந்தார்கள், அவள் வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், அவளுடைய தங்கச்சிமார் மூன்று பேரும் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் டென்மார்க்கிலிருக்கும் இன்னாரின் பாசமிகு சகோதரரும் என்று என் பெயர் வந்தது.

“சகோதரி மைத்துனிமாருக்குப் பின்னாலையோ வாறது? மேலை ஏத்தி இன்னொருக்கா வாசியும்.”

மச்சாள் மூக்கைச் சிந்தினாள். தொண்டையைச் செருமினாள். முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்தி, மறுபடி வாசித்தாள். இந்த முறை பிள்ளைகளுக்கு அடுத்ததாக நான் வந்தேன். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் யாவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்தாள்.

ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். அதன்பிறகுதான் அழுதேன்.