கண் வைப்பவள்

வாசலில் தொங்கிய பலகையில் 'ஆக்குலரிஸ்ட்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடிக்குப் பவர் பார்க்க வந்தவர்கள். "கண்ணாடிக் கடை அடுத்த தெருவுல இருக்கு" என்று திருப்பி அனுப்புவதே அவள் தங்கைக்கு முக்கால்வாசி வேலை. ஒரு கண்ணை இழந்தவருக்கு, மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்து பொருத்துகிறவள் என்று விளக்கினால், "அட, கண் வைக்கிறவங்களா! எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று சிரிப்பார்கள். தங்கையின் கணவர், "உங்கக்கா தொழிலே சுத்தக் கண்துடைப்பு" என்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தெருவில் அவளுக்குக் கண்ணுக்காரி என்றே பெயர்.

செயற்கைக் கண் என்றால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உள்பக்கம் குழிந்த ஒரு சிப்பி, அவ்வளவுதான். கண்குழியில் அச்செடுத்து, மெழுகில் அளவு பார்த்து, பிளாஸ்டிக்கில் வார்ப்பாள். சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து வெள்ளையின் மேல் நரம்பாக ஒட்டுவாள். கருவிழியை மட்டும், வந்தவரை ஜன்னலோரம் எதிரே உட்காரவைத்து, முழங்காலோடு முழங்கால் முட்டும் நெருக்கத்தில், அவர் கண்ணைப் பார்த்துப் பார்த்தே வரைவாள்.

அப்படி ஒரு நாள் எதிரே உட்கார்ந்தவர் பெயின்டர். சுவரைச் சுரண்டும்போது சுண்ணாம்பு தெறித்து இடது கண் போயிருந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள்.

"கொஞ்சம் மஞ்சள் சேருங்கம்மா. ரொம்பக் காபிப்பொடி மாதிரி இருக்கு" என்றார் பெயின்டர்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன். அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்" என்றாள் மனைவி.

கண்ணுக்காரி மஞ்சள் சேர்த்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முடியப்போகும் நேரத்தில், "ஒரே ஒரு கோடு நான் போடட்டுமா?" என்று கேட்டார். யாரிடமும் தூரிகையைக் கொடுத்தவளில்லை. என்னவோ, அன்று கொடுத்துவிட்டாள். கண்மணிக்குக் கீழே பச்சையாக ஒரு கோடு இழுத்தார். சுவரில் பழகிய கை, கோடு தடித்துப்போனது.

"ஐயோ, கெடுத்துட்டேனே. அழிச்சிடுங்க."

"இருக்கட்டும். உங்க கண்ணு, உங்க கோடு."

அதன்மேல் பளபளப்புப் பூச்சு ஏறியது. பெயின்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டவர் மாதிரி நடந்து போனார்.

மறு வருஷம் வேலைக்குப் போன பெயின்டர் வீடு திரும்பவில்லை. அவர்கள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்த பெண்ணும் அதே வாரம் காலி செய்துகொண்டு போயிருந்தாள். அந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. மனைவியும் அதையே நம்பினாள். ஒரு நாள் கண்ணுக்காரியின் வாசலில் வந்து நின்றாள்.

"வேற கண்ணு செஞ்சுக்க இங்க வந்தாரா?"

"இல்லையேம்மா."

"வந்தா சொல்லிடுங்க. வீட்டுப் பூட்டை மாத்திட்டேன்னு."

வருஷங்கள் ஓடின. மழை பொய்த்து, ஊருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அடிவரை வற்றியது. ஒரு காலையில் போலீஸ் அதிகாரி ஒருவர் பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு உள்ளே வந்தார். சேற்றில் எலும்புகள் கிடைத்திருப்பதாகவும், ஆளை அடையாளம் காட்ட இது ஒன்றுதான் மிச்சமென்றும் சொல்லி, மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். அவள் உள்ளே இருந்த கண்ணை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், அவரிடம் கேட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்தாள். மெருகு போய் மங்கியிருந்தது. கண்மணிக்குக் கீழே பச்சைக் கோடு தெரிந்தது.

"நான் செஞ்சதுதான் சார்" என்றாள். பிறகு, "இந்தக் கோடு மட்டும் என்னுது இல்லை" என்றாள். அதைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

கரையோரமாக நடந்தவர் கால் வழுக்கி விழுந்திருக்க வேண்டும் என்றார் அதிகாரி. வேறு எதற்கும் தடயமில்லை. பெயின்டரின் மனைவியிடம் சொல்லப் போனபோது கண்ணுக்காரியையும் அழைத்துப் போனார்.

மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அவர் எங்கேயும் போகலையா?"

"போகலைம்மா" என்றாள் கண்ணுக்காரி.

"இங்கேயே இருந்தாரா?"

"ஆமா."

மனைவி சமையலறைப் பக்கம் திரும்பினாள். "அந்தத் தண்ணிதானே இந்தக் குழாயில வருது?"

அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கண்ணுக்காரிக்கு வேலை பழையபடி ஓடவில்லை. செய்து முடித்த கண்களைத் தட்டில் நிமிர்த்தி வைக்க முடியவில்லை. துணி விரித்துக் கவிழ்த்து வைப்பாள். தூசி தட்டும் தங்கை தெரியாமல் நிமிர்த்தி வைத்துவிடுவாள். மறுநாள் கதவைத் திறந்ததும் அத்தனையும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கரிய தண்ணீருக்கடியில், இமை இல்லாமல், பகலும் இரவும் திறந்தே கிடந்த அந்த ஒன்றுதான் அவளுக்கு நினைவுக்கு வரும். முகம் கழுவக் குழாயைத் திருகினாலும் அதே நினைவுதான்.

"லீவு போட்டுட்டு எங்கேயாவது போயிட்டு வாயேன்க்கா" என்றாள் தங்கை.

"போனா அங்கயும் தண்ணி இருக்கும்டி."

எலும்புகளை அடக்கம் செய்த பிறகு, அதிகாரி கொடுத்த கண்ணை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். மெருகு போட்டுத் தரச் சொன்னாள். கண்ணுக்காரி சக்கரத்தில் வைத்துத் தேய்த்தாள். மங்கல் விலக விலக, பெயின்டரின் பார்வை மேலே வந்தது. துடைத்துக் கொடுத்தாள். மனைவி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னிக்கு அவ்வளவு நேரம் அவர் கண்ணையே பாத்தீங்களே. விட்டுட்டு ஓடிப்போற ஆளுன்னு அதுல ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லைம்மா. சத்தியமா ஒண்ணும் தெரியலை."

மனைவி தலையாட்டினாள். விரல்களை மெல்ல மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றாள்.