ஊசியைக் குறைக்காதீங்க என்றவர்

செவ்வாய்க்கிழமை பள்ளியில் மதிய இடைவேளையின்போதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது: "மருந்துக்கடை வசந்தா அக்கா காலையில தவறிட்டாங்க." மாரடைப்பு. அறுபது வயதுகூட ஆகவில்லை. திருவிடைமருதூர் கடைவீதியில் அவரிடம் மருந்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இன்சுலின் போடும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அவர் என்னவாக இருந்தார் என்பது நமக்குத்தான் தெரியும்.

என் மகள் யாழினிக்கு ஏழு வயதில் இந்த நோய் வந்தது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் அரிசி மில்லில் வேலை பார்க்கிறார். மருத்துவர் எழுதித் தந்தது பேனா வடிவ ஊசியில் வரும், விலை கூடிய இன்சுலின்; அதை அக்காவின் கடையில்தான் வாங்கிவந்தோம். மூன்றாம் மாதம் ஒரு வாரம் தாமதமாகப் போனேன். அவர் மருந்தை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"டீச்சர், இது போன வாரமே தீர்ந்திருக்கணுமே. அளவைக் குறைச்சுப் போடுறீங்களா?"

பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஊசியைக் குறைக்காதீங்க. பிள்ளை தாங்காது. நீங்க இங்க வாங்கவே வேணாம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில இன்சுலின் சும்மா குடுக்கிறாங்க. அங்க டாக்டரைப் பார்த்தா மாத்தி எழுதுவாங்க."

என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று ஒரு பில்லின் பின்புறம் எழுதித் தந்தார். அந்த வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு எங்களுடன் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றார். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்களைக் கும்பகோணத்தில் மொத்தமாக எடுத்து, அதே விலைக்கு நமக்குப் பிரித்துக் கொடுத்ததில் தொடங்கியதுதான் இந்தக் குழு.

ஒரு கார்த்திகை மழையில் தஞ்சாவூர் போக முடியவில்லை. வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது. அக்காவின் கடைக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் தருவது ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் மருந்துள்ள பாட்டில். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அன்று கடையில் அதைவிட வீரியமான நூறு யூனிட் பாட்டில்தான் இருந்தது. அதைத் தந்தார். கூட்ட நெரிசலில், அதற்குரிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத் தர மறந்துவிட்டார்.

மாலை எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. என் கைப்பேசி அணைந்து கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய ஊசியில் மருந்தை ஏற்றி, யாழினியின் சட்டையை விலக்கியபோது வாசலில் குரல் கேட்டது.

"டீச்சர், போட்டாச்சா?"

"இல்லக்கா, இப்பத்தான்..."

"போடாதீங்க. கீழ வைங்க."

இடுப்புவரை நனைந்திருந்தார். வடிகால் உடைந்து சாலையில் தண்ணீர் ஓடியதால் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. சிரிஞ்சு தராதது நினைவு வந்து கிளம்பியவர், மீதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். என் கையிலிருந்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. அதில் வழக்கமான கோடுவரை ஏற்றியிருந்தேன். போட்டிருந்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போயிருக்கும். என் குழந்தை காலையில் கண் விழித்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

அவர் கொண்டுவந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கிக்கொண்டு, "நான் பார்த்திருக்கணும்க்கா" என்றேன்.

"இல்ல டீச்சர். குடுத்தது நான். தப்பு என்னோடது" என்றார். பிறகு யாழினியின் பக்கம் திரும்பி, "பாப்பா, அத்தை இன்னிக்குத் தப்புப் பண்ணிட்டேன். இனிமே பாட்டில்ல என்ன நம்பர், சிரிஞ்சுல என்ன நம்பர்னு நீயும் படிச்சுப் பாக்கணும், சரியா?" என்றார்.

நடந்தது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். மறுநாள் அவரே அதைக் குழுவில் எழுதினார். தன் பெயரைப் போட்டு, என்ன மறந்தேன், என்ன ஆகியிருக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். அன்றைக்கே சீர்காழியிலிருந்து ஒரு தாய் தன் வீட்டிலும் சிரிஞ்சு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும்.

யாழினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். அக்காவின் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வந்தவள், அன்று இரவு ஊசிக்கு முன் பாட்டிலின் நம்பரையும் சிரிஞ்சின் நம்பரையும் சத்தமாகப் படித்தாள்.

நேற்று வகுப்பில் ஒரு சிறுமியின் சரியான விடையை நான் தவறென்று அடித்திருந்தது தெரியவந்தது. முன்பு என்றால் பேசாமல் மதிப்பெண்ணை மாற்றியிருப்பேன். இந்த முறை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி, நான்தான் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று சொன்னேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்ததும், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் கிளம்பிவிடுவது.