ரோடு ரோலர் பிடித்த திருடன்

எங்கள் தெருமுனையில் துணி திருத்தித் தரும் கடை வைத்திருப்பவளுக்குத் தெரு கொடுத்த பெயர் ரோடு ரோலர். அவள் மெதுவாக நகர்வதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர். பேண்ட்டின் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துத் தருவது அவள் தொழில். மெஷின் மிதித்தே முழங்கால் இரண்டும் தேய்ந்தன. வலது காலில் அறுவை சிகிச்சை முடிந்ததும் மடக்கி நீட்டப் பழக்குவதற்கு நான் போனேன். நோயாளிகளைப் பராமரிப்பது நான் படித்துச் செய்த வேலை. அவள் சொன்ன பேச்சுக் கேட்கிற நோயாளி அல்ல. “நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா, கால் எங்க ஓடிப்போகுது?” என்பாள். ஊன்றுகோல் இல்லாமல் கடை வாசலைத் தாண்ட மாட்டாள்.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் திருடனைத் துரத்தினாள்.

அன்று மாலை கடையைப் பூட்டும்போது இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் அவள் தோளில் இருந்த பையைப் பிடுங்கினான். உள்ளே அவள் போனும், யாரோ உயரம் குறைக்கக் கொடுத்த பேண்ட்டும் இருந்தன. பிடுங்கியவன் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தான். இன்னொருவன் பின்தங்கினான். அவனுக்கு இடது கால் சூம்பிப்போய், இழுத்து இழுத்துத்தான் வைக்க முடிந்தது. இவள் கோலை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போய், டீக்கடைக்கு முன்னால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

“அம்மா, விட்டுடுங்கம்மா!”

“பேண்ட்டைக் குடுடா முதல்ல! காலையில ஆள் வந்து நிப்பான்!”

அதற்குள் முதலாமவன் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து, இவளைத் தள்ளிவிட்டு நண்பனை ஏற்றிக்கொண்டு போனான். உட்கார்ந்துவிட்டவளைக் கைகொடுத்துத் தூக்கியவர் டீக்கடைக்காரர்தான்.

அதன்பிறகு டீ குடிக்க வந்த ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. “ரோடு ரோலரே எட்டிப் பிடிச்ச திருடன்யா! இவனெல்லாம் இந்தத் தொழிலுக்கு வரலாமா? வீட்ல உக்காந்து கேரம் ஆடலாம்ல?” தெருவே சிரித்தது. தன்னைப் பற்றிய கதையைக் கேட்கவே அவளும் இரண்டாவது டீக்குப் போவாள்.

பையன்கள் பிடிபட்டார்கள். பையை ஒளித்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனபோது போலீஸ்காரரைத் தள்ளிவிட்டு ஓடினார்கள், வேறு வழியில்லாமல் சுட வேண்டியதாயிற்று, இருவரும் இறந்தார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. தெருவுக்கு மகிழ்ச்சி. டீக்கடைக்காரர் அன்று காலை யாரிடமும் காசு வாங்கவில்லை.

“ரெண்டு பேருமா ஓடினாங்க?” என்று கேட்டாள் இவள்.

“ஆமா, பேப்பர்லயே போட்டிருக்கே.”

“அந்தக் கால் இழுக்கிறவனுமா?”

அவர் குனிந்து பாலைக் கிளறினார்.

காலை மடக்கிவிடும்போது என்னிடமும் அதே பேச்சு. “திருடினவன் கம்பி எண்ணட்டும்க்கா, யாரு வேணாம்னா? அந்தப் பை பிடுங்கினவன் ஓடியிருப்பான். அதுக்கு நான் சாட்சி இல்ல. இவன் எப்படி ஓடியிருப்பான்? நாலு எட்டு வச்சாப் பிடிச்சிடலாம். இதுக்குத் துப்பாக்கியா?”

“உயிர்பயம் வந்தா முடியாததையும் மனுஷன் செய்வான்” என்றேன்.

“என்னைப் பாத்தும் பயந்துதான் ஓடினான். எவ்வளவு தூரம் போனான்?”

நான் மறுகாலைப் பிடித்துக்கொண்டேன்.

சுட்டது சரியா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தெரிந்தவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்றார்கள். இவள் கோலோடு தெருத்தெருவாக அலைந்தாள். மளிகைக்கடைக்காரர், “செத்தவன் என்ன உன் தம்பியா?” என்றார். கடைசியில் டீக்கடை.

“வேற ஒண்ணும் வேணாம் தம்பி. இங்க சொன்ன ஜோக்கை அங்க வந்து ஒரு தடவை சொல்லு.”

“நான் அப்போ பால் காய்ச்சிக்கிட்டு இருந்தேன்.”

“என்னைத் தூக்கிவிட்டது யாரு, உன் பால் பாத்திரமா?”

“தூக்கினேன். அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாக்கலை.” குரலைத் தாழ்த்தினார். “ராத்திரி நேரம் கழிச்சும் கடை ஓடுதுன்னா, போலீஸ்காரங்க கண்டுக்காம விடறதாலதான். என் வயித்துல அடிக்காதீங்க.”

நான் துணைக்குப் போனேன். அதிகாரி நல்லவராகவே தெரிந்தார். நாற்காலி போடச் சொல்லி, முழுக்கக் கேட்டார். பிறகு அவள் காலையும் கோலையும் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டுத் துரத்திப் பிடிச்சீங்களா?”

“சிரிக்கிறீங்கல்ல சார், அதைத்தான் நானும் சொல்றேன். அதை எழுதிக்குங்க.”

சிரிப்பு நின்றது. “வேற யார் பாத்தாங்க?”

“தெருவே பாத்துச்சு சார். தெருவே சிரிச்சுச்சு.”

“ஒரு பேராவது சொல்லுங்க.”

என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல, நான் அங்கே இருந்தவள் இல்லை. டீக்கடைக்காரரைச் சொன்னாள். அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. சுட்டது சரிதான். நடக்கவே சிரமப்படும் பெண் ஓடும் திருடனைத் துரத்திப் பிடித்தார் என்பது நம்பும்படி இல்லை. அவரால் கடை வாசலைத் தாண்டவே முடியாது என்று அதே தெருவில் கடை வைத்திருப்பவரும் சொல்லியிருக்கிறார். அவர் ஜோக்கைத்தான் சொல்லியிருக்கிறார், வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும்.

இத்தனை வருடம் எத்தனையோ கால்களைப் பிடித்து நடக்க வைத்திருக்கிறேன். ஒருத்தி நடந்ததே இல்லை என்று ஒரு தெருவே சாதித்ததை இப்போதுதான் பார்க்கிறேன். எரிச்சலாக வந்தது. அவளுக்கு இன்னும் அதிகம். அன்று அவளே கேட்டுப் பயிற்சி செய்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

முடித்ததும் டீக்கடைக்குப் போனோம். அவர் அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்கக்கா. சர்க்கரை கம்மிதானேக்கா?”

“என்ன இது புதுசா? என் பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

“எதுக்குக்கா அதெல்லாம்...”

“நீ வச்ச பேருதானே? சொல்லு. ரோடு ரோலர்னு சொல்லு.”

கடையில் நின்றவர்கள் தங்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். அவர் டீயை அவள் முன்னால் வைத்துவிட்டு, கழுவி வைத்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அவள் டீயைத் தொடவில்லை. “வாங்கக்கா” என்று கோலை எடுத்தாள். தையல் கடை வரைக்கும் அவள் வேகத்துக்கு நான்தான் பின்தங்கினேன்.