இழுத்து வைத்த இடது கால்

வெளிநாட்டில் கராத்தே சொல்லிக்கொடுக்கப் போன அண்ணன் பயிற்சிக்கூடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, மாலை நாலரைக்குத் தங்கைக்கு வந்தது. போனில் பேசிய மூத்த மாணவர், "மாஸ்டரோட முறையை அப்படியே காப்பாத்துவோம்மா" என்றார். அவளுக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது.

முதன்முதலில் அங்கே போனபோது அண்ணனுக்கு முட்டியில் அடிபட்டிருந்தது. இடது காலை இழுத்து இழுத்து வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு முட்டி சரியாகிவிட்டது. ஆனால் மாணவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அங்கே காலை இழுக்காதவருக்குக் கருப்புப் பட்டை கிடையாது. அண்ணன் வருஷா வருஷம் போய், அது தப்பு என்று சொல்லித் தலைகீழாக நின்று பார்த்தார். மாஸ்டர் சோதிக்கிறார் என்று நினைத்து இன்னும் பணிவாக இழுத்தார்கள்.

"ஒரு நாட்டையே நொண்ட வச்சிட்டியே அண்ணே" என்று போன தடவை அவர் திரும்பி வந்தபோது கிண்டலடித்திருந்தாள்.

"சிரி, நல்லா சிரி. கலையைப் பரப்பப் போயி முட்டிவலியைப் பரப்பிட்டு வந்திருக்கேன்."

இந்தத் தடவை கிளம்புவதற்கு முன், சரியான முறையை வீடியோ எடுத்துத்தரச் சொன்னார். கை அசைவுகளை அவள் எடுத்து முடித்ததுமே விமான நிலையத்துக்குக் கார் வந்துவிட்டது. அந்த வீடியோவில் அவர் இடுப்புக்கு மேல்தான் இருக்கிறார். கால்களைத் திரும்பி வந்ததும் எடுப்பதாக இருந்தது.