திறந்ததும் எது வர வேண்டும்?

"இதை யாரும் தொடப்படாது. தொட்டா நான் இங்கனயே உக்காந்துருவேன்."

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லர்புரத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாசகசாலையில் ஒரு பெண்மணி இப்படிச் சொன்னார். சொன்னது எங்களைப் பார்த்து. அதாவது, நிர்வாகக் குழுவைப் பார்த்து. தொடக்கூடாது என்றது ஒரு பழைய கம்ப்யூட்டரை.

அவர் பெயர் ரோஸ்லின். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அதற்கடுத்த வியாழக்கிழமை ரோஸ்லினுக்குத் துறைமுகச் சாலையில் கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டெஸ்ட். கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும், ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். தேறினால் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பழகிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே இடம் எங்கள் வாசகசாலை.

அந்த இடத்தைத்தான் நாங்கள் வாராவாரம் கெடுத்துக்கொண்டிருந்தோம். முழு நல்லெண்ணத்தோடு.

ஒரு ஷிப்பிங் அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் எங்களுக்கு இலவசமாக வந்தன. எட்டு என்றார்கள். எண்ணிப் பார்த்தேன் — ஏழு. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் தொழில். ரிட்டயரான பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு எத்தனை இலை என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன்.

விலைகொடுத்து வாங்கும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் எதையும் அந்த மெஷின்கள் தாங்காது. ஆகவே லினக்ஸ். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு செல்வி சாஃப்ட்வேர் எஞ்சினீயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏழிலும் போட்டுக் கொடுத்தார். போட்டு முடித்தவர் சும்மா போயிருக்கலாம். ஒரு கேள்வி கேட்டார்.

"டெஸ்க்டாப் மூணு விதம் போட்டிருக்கேன் சார். எதை டீஃபால்ட்டா வைக்க?"

டெஸ்க்டாப் என்றால் மேஜை இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் வந்து நிற்கிற மொத்த ஏற்பாடு — பட்டன் எங்கே, பட்டை எங்கே, கடிகாரம் எங்கே என்பதெல்லாம். டீஃபால்ட் என்றால், நாம் ஒன்றும் கேட்காதபோது தானாக வருவது.

மூன்றின் பெயர்களையும் எழுத மாட்டேன். எழுதினால் அதனதன் ரசிகர்கள் எனக்குக் கடிதம் போடுவார்கள்.

முதலாவதைத் திறந்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. ஒரு மலைப் படம், அவ்வளவுதான். எங்கள் தலைவர் ஜெபராஜ் சாருக்கு அதுதான் பிடித்தது. நாசரேத்துக்காரர், பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர். "பாக்கவே மனசு அமைதியா இருக்கு" என்றார்.

இரண்டாவதில் எதை வேண்டுமானாலும் திருகலாம், நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். கப்பல் எஞ்சினீயராக உலகம் சுற்றிய சேவியர் அண்ணாச்சிக்கு அது.

மூன்றாவது சாதாரணமானது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் ஒரு கடிதத்தைத் திறக்க முதலாவதில் நான்கு கிளிக், இரண்டாவதில் மூன்று, இதில் இரண்டே இரண்டு. எண்ணிப் பார்த்துச் சொல்லி, அதுதான் வேண்டும் என்றேன்.

"என்ன வே, இங்கனயும் மூட்டை எறக்குதீரு?" என்றார் அண்ணாச்சி.

ஓட்டெடுத்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் சங்கத்தில் ஓட்டெடுப்பது இல்லை. முன்பு ஒருமுறை, ஹாலில் ஃபேனை எந்தப் பக்கம் மாட்டுவது என்று ஓட்டெடுத்து, தோற்ற இருவர் சங்கத்தை விட்டே போய்விட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும். எனவே ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் டீஃபால்ட்டாக இருக்கும். பிறகு கூடிப் பேசுவோம்.

முதல் வாரம் ஜெபராஜ் சாருடையது. நாங்கள் இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்குள் சில நாள் ஓடியிருந்தது; ரோஸ்லின் அதற்குள்ளேயே பழக ஆரம்பித்து, அடித்த ஃபைல்களையெல்லாம் திரையிலேயே வரிசையாக வைத்திருந்தார். திங்கட்கிழமை வந்து திறந்தால்... மலை. ஃபைல்கள் உள்ளே ஒரு ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருந்தன. அது அவருக்குத் தெரியாது. எல்லாம் போய்விட்டது என்று முதலிலிருந்து திரும்ப அடித்தாராம். யாரிடமும் கேட்கவில்லை. தான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம் என்ற பயம்.

இரண்டாம் வாரம் என்னுடையது. அது ஃபைல்களைத் திரையில் காட்டும்; பழையதும் திரும்ப அடித்ததுமாக இரண்டிரண்டாக வந்து நின்றன.

மூன்றாம் வாரம் அண்ணாச்சியுடையது. அவர் கீழே நீளமாக இருந்த பட்டன் பட்டையைத் தூக்கி இடது ஓரத்தில் நிறுத்திவைத்தார். கேட்டால், அப்படித்தான் சௌகரியம் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

நான்காம் ஞாயிறு கூடினோம். ஒத்துப்போகவில்லை. தன் வாரத்தில் கரண்ட் அடிக்கடி போனது, ஆகவே இன்னொரு வாரம் வேண்டும் என்றார் ஜெபராஜ் சார். செல்வி எழுந்து, மாற்றிவைக்க மெஷின் பக்கம் போனார். அப்போதுதான், அதில் பழகிக்கொண்டிருந்த ரோஸ்லின் குறுக்கே வந்து நின்று, யாரும் தொடப்படாது என்றார்.

"வாராவாரம் அடுப்படிய எடம் மாத்தினா நான் எப்பம் சோறு பொங்க?"

"ஏளா, எதுக்குச் சத்தம் போடுத? நல்லதுக்குத்தான செய்யோம்" என்றார் அண்ணாச்சி.

"நல்லதுதான் அண்ணாச்சி. வியாழக்கிழமை கழிச்சுச் செய்யுங்க."

ஜெபராஜ் சார் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: "இதுல பிரச்சினையே இல்லம்மா. லாகின் பண்ணுற எடத்துல மூலையில ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. அதை அமுக்கினா உனக்குப் பிடிச்சத நீயே எடுத்துக்கலாம்."

"எந்தச் சக்கரம் சார்?"



"சரி, உனக்கு எது வேணும்?" என்றேன். இரண்டு கிளிக் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இப்பம் என்ன இருக்குதோ அதே இருக்கட்டும்."

இருந்தது அண்ணாச்சியுடையது. இடது ஓரத்துப் பட்டையோடு.

"இதுல ஒரு கிளிக் கூடுதல்மா..."

"கூடட்டும் சார். எங்கன கிளிக் பண்ணணும்னு எனக்குத் தெரியுதுல்லா."

இத்தனை வருடம் எண்ணியவன் நான், அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளவே இல்லை. செல்வி மவுஸைக் கீழே வைத்தார். ஜெபராஜ் சார் சரி என்று தலையை ஆட்டினார். அண்ணாச்சி மட்டும் ஜெயித்தவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தப் பட்டை நன்றாக இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் நான் வாசகசாலையில் உட்கார்ந்து எண்ணினேன். வந்து போனவர்களில் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தொட்டவர்கள் மூன்று பேர். ஜெபராஜ் சார், சேவியர் அண்ணாச்சி, நான். மூவரிடமும் வீட்டில் லேப்டாப் இருக்கிறது.

எதை டீஃபால்ட்டாக வைப்பது என்று சண்டை போடுபவர்களுக்கு எது டீஃபால்ட்டாக இருந்தாலும் ஒன்றுதான். அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். மாற்றத் தெரியாதவர்களுக்குத்தான் அது வீடு. அவர்களோ குழுவில் இருப்பதில்லை.

ரோஸ்லின் டெஸ்டில் தேறிவிட்டார். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். வாழ்த்துச் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "உங்க ஆபீஸ்ல எந்த டெஸ்க்டாப்மா?" என்றேன்.

"என்னமோ ஒண்ணு இருக்குது சார். பாக்கல... கப்பல் வந்துருக்கு, வேலை கெடக்குது."